பக்கவாதத்துக்குப் பிறகு வீடு மாற வேண்டும்: பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி திருப்பூரிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவரின் கணவருக்கு 51 வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சம்பளம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமான 13,500 ரூபாய்க்குத்தான் பி.எஃப். பிடிக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துவிட்டன. பதற்றத்தில் தனியார் மருத்துவமனையில் சேர்த்ததில் 1,20,000 ரூபாய் மூன்று வட்டிக்குக் கடன். குடியிருப்பது முதல் மாடியில், வாடகை 5,500. அவரால் படி ஏற முடியவில்லை. இந்தக் கம்பெனியில் 11 வருடம், முந்தைய கம்பெனியில் 8 வருடம், இரண்டு பி.எஃப். கணக்கிலும் சேர்த்து 4,60,000 ரூபாய் இருக்கிறது, கணக்குகள் இன்னும் ஒன்றாக்கப்படவில்லை. ராஜினாமா கொடுத்துப் பணத்தை மொத்தமாக எடுத்து, நான்கு லட்சத்துக்கு ஒரு கீழ்த்தள வீட்டை ஒத்திக்கு (மொத்தத் தொகையைக் கொடுத்து, அது திரும்பும்வரை வாடகையின்றிக் குடியிருக்கும் முறை) பிடிக்கலாம் என்கிறார் மைத்துனர். பெரியப்பா மகன் பல்லடம் பக்கம் சைட் வாங்கிப் போடச் சொல்கிறார். மாமியார், காங்கேயத்துக்கு அருகே இருக்கும் ஊர் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்கிறார். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

அம்மணி, மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் இப்போது கையெழுத்து வைக்கவே வேண்டாம். மொத்தப் பணத்தையும் எடுக்க வேலையை விட்டாக வேண்டும் என்று மைத்துனர் சொல்வது சரிதான். ஆனால் வேலையை விட்டால் கைவிட்டுப் போவது என்னென்ன என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. உங்கள் கேள்வியில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, என்ற பேச்சே இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், 0.75 சதவீதம், அதாவது அவர் சம்பளத்துக்கு 135 ரூபாய், மாதாமாதம் கழிந்திருக்க வேண்டும்.

கழிந்திருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாக வரும். அத்தோடு முடியாது. நீண்டகால நோய்கள் என்று இ.எஸ்.ஐ. 34 நோய்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. உடம்பின் ஒரு பக்கம் விழுந்துவிடும் பக்கவாதமும் அதில் ஒன்று. 91 நாளுக்குப் பிறகு அது 80 சதவீதமாக உயர்ந்து தொடரும். மருத்துவக் குழு பரிந்துரைத்தால் மொத்தம் இரண்டு ஆண்டு வரை நீளும். இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாளாவது பிடித்தம் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஒரே கம்பெனியில் 11 வருடம் இருந்தவருக்கு இது பெரிய தடை அல்ல. 18,000 ரூபாயில் 80 சதவீதம் 14,400. ஒத்திப் பணத்துக்காக அலைகிற உங்கள் கவலையின் பாதி, வாடகை கட்ட வருமானம் இல்லையே என்பதுதான். அந்த வருமானத்துக்கு அவர் 11 வருடமாகப் பணம் கட்டியிருக்கிறார்.

இதற்கு இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். தனியார் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டினால் பணம் வராது. எனவே சிகிச்சையை இ.எஸ்.ஐ. பக்கம் கொண்டுவாருங்கள், மருந்தகத்தில் காட்டி, தேவைப்பட்டால் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்கிக்கொள்ளுங்கள். உயிர் போகும் அவசரத்தில் தனியாரிடம் சேர்த்த செலவைத் திரும்பக் கேட்கவும் இ.எஸ்.ஐ.யில் வழி உண்டு. முழுத் தொகையும் வராது, அரசு வைத்திருக்கும் கட்டண அளவுக்குத்தான் வரும். இருந்தாலும் அசல் பில்களையும், அவசர நிலையில்தான் சேர்த்தோம் என்று அந்த மருத்துவர் எழுதிய சான்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மருந்தகம் வழியாக விண்ணப்பியுங்கள். நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கம்பெனிக்காரர்கள் நல்ல மனதோடுதான் "எழுதிக் கொடுத்துவிடுங்கள், கணக்கை முடித்துவிடலாம்" என்று சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு, இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்ல மனம் வரவில்லை, மறைக்கவும் முடியாது. பி.எஃப். உறுப்பினருக்கு வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. தனியாகப் பிரீமியம் கட்டத் தேவையில்லை, கம்பெனி கட்டுகிறது. பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இருந்தால்தான் அது செல்லும். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு வெளியில் எந்தக் காப்பீடும் எளிதில் கிடைக்காது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். அவருடைய கணக்கில் உங்கள் பெயர் நியமனதாரராக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி பி.எஃப். பணம். எடுக்கவே கூடாது என்பவன் நான் இல்லை. உங்கள் நிலையில் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் ஒத்திக்கு முன்னால் கடனுக்கு. மூன்று வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 1,20,000 ரூபாய்க்கு மாதம் 3,600 ரூபாய் வட்டியாக மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. பி.எஃப். வட்டி 2024-25இல் 8.25 சதவீதம். வேலையில் இருந்துகொண்டே நோய்க்காக முன்பணம் எடுக்கலாம். பக்கவாதம் அதற்கான நோய்களில் பெயர் சொல்லியே இருக்கிறது, இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. பழைய விதிப்படி ஆறு மாத அடிப்படைச் சம்பளம் அல்லது அவருடைய பங்கும் அதன் வட்டியும், எது குறைவோ அது. உங்களுக்கு 81,000 ரூபாய். இந்த 81,000 பி.எஃப்.பிலேயே இருந்தால் வருடத்துக்கு 6,700 ரூபாய் அளவுக்கு வட்டி சம்பாதிக்கும். கடன்காரரிடம் அதே தொகைக்கு நீங்கள் கட்டும் வட்டி 29,160. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். அறங்காவலர் குழு ஒரு முடிவு எடுத்தது. பதின்மூன்று பிரிவுகளாக இருந்த முன்பண விதிகளை நோய், கல்வி, திருமணம் போன்ற அவசியத் தேவைகள், வீடு, சிறப்புச் சூழ்நிலை என்று மூன்றாகச் சுருக்குவது. எல்லாவற்றுக்கும் 12 மாதச் சேவை போதும் என்பது. கணக்கில் 25 சதவீதத்தை எப்போதும் இருப்பாக வைப்பது. சிறப்புச் சூழ்நிலைக்குக் காரணம் கேட்காமல் கொடுப்பது. விண்ணப்பம் போடும் நாளில் இணையதளம் எந்தப் பிரிவைக் காட்டுகிறதோ அதன்படிதான் தொகை. புதிய முறையில் உங்கள் 4,60,000இல் 1,15,000 இருப்பாக நின்று 3,45,000 வரை எடுக்க இடம் உண்டு. இடம் உண்டு என்பதற்காக எடுத்துவிட வேண்டாம். கடனை அடைக்க 1,20,000, வீடு மாற்றும் செலவுக்கு ஓர் இருபதாயிரம். அந்த அளவோடு நிறுத்துங்கள்.

ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், பி.எஃப். கணக்கில் இருக்கும்வரை அந்தப் பணத்தை எந்தக் கடன்காரரும் தொட முடியாது. கோர்ட் தீர்ப்பே வாங்கி வந்தாலும் பி.எஃப். இருப்பை ஜப்தி செய்ய முடியாது என்று சட்டத்தில் இருக்கிறது. வெளியே எடுத்து வங்கியில் போட்ட அன்று அந்தக் காப்பு போய்விடும். கைமாற்றுக் கேட்கும் உறவும், மருத்துவமனைப் பாக்கியும், வட்டிக்காரரும் அன்றுதான் வாசலுக்கு வருவார்கள். நோய் வந்த வீட்டில் மொத்தப் பணம் கைக்கு வந்து ஒரே வருடத்தில் கரைந்துபோனதை பி.எஃப். கணக்கு பார்க்கும் வேலையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஊதாரியும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மறுக்க முடியாமல் கொடுத்தே தீர்ந்தது. மீதி 3,20,000 ரூபாயை அப்படியே விட்டால், இதே வட்டி நீடிக்குமானால், அவருக்கு 58 வயதாகும்போது 5,57,000 ரூபாய்க்கு வந்து நிற்கும்.

ஒத்திக்கு வருவோம். கணக்கைப் பார்த்தால் மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு லட்சத்துக்கு பி.எஃப். வட்டி ஆண்டுக்கு 33,000 ரூபாய்தான்; ஒத்திக்குப் போனால் மிச்சமாகும் வாடகை 66,000. இரண்டு மடங்கு. கொங்கு நாட்டில் இத்தனை குடும்பங்கள் ஒத்தியை விரும்புவதற்கு இதுவே காரணம். என் பயம் வட்டியைப் பற்றியது அல்ல, அசலைப் பற்றியது. நம் பக்கம் பெரும்பாலான ஒத்தி 100 ரூபாய் பத்திரத்தில், பதிவு செய்யாமல், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. வீட்டின் பேரில் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், வீட்டுக்காரர் கட்டாமல் விட்ட அன்று வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும்; உங்கள் பத்திரம் வங்கிக்கு முன்னால் நிற்காது. கடன் இல்லாவிட்டாலும், காலி செய்யும்போது "அடுத்த ஆள் வந்தால்தான் பணம்" என்ற பதிலைக் கேட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல உடம்போடு இருப்பவர் அலையலாம். உங்களால் முடியுமா?

அப்படியும் ஒத்திதான் என்று முடிவானால் சுவாதீன அடமானப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிவு செய்தால் பணம் திரும்பும்வரை வீட்டில் இருக்கும் உரிமை உங்களுடையது, வீட்டை அவர் வேறொருவருக்கு விற்றாலும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். வில்லங்கத்தில் வராமல் அசல் பத்திரத்தை அடகு வைத்திருப்பார்கள், அதனால் அசலைக் கண்ணால் பார்க்காமல் பேச்சை முடிக்க வேண்டாம். பணம் வங்கி வழியாக மட்டுமே போகட்டும். பதிவுச் செலவைச் சொல்லி வீட்டுக்காரர் மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

ஒத்திக்காகப் பணம் எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் "வீடு வாங்க" என்ற பிரிவைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வீட்டுப் பிரிவு என்பது மனை அல்லது வீடு வாங்க, கட்ட, வீட்டுக் கடன் அடைக்க, சொந்த வீட்டைச் சீர்செய்ய. ஒத்தியும் வாடகை அட்வான்ஸும் அதில் வராது. சொன்ன காரணத்துக்குச் செலவிடாவிட்டால் தொகையை அபராத வட்டியோடு திரும்பக் கேட்க பி.எஃப். அலுவலகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

பல்லடம் சைட் வேண்டாம். காலி மனையில் நோயாளியைப் படுக்க வைக்க முடியாது, அவசரத்துக்கு விற்கவும் முடியாது.

மாமியார் சொல்வதுதான் என் மனதை அதிகம் தொட்டது. ஊர் வீடு, பக்கத்தில் பங்காளிகள், வாடகை இல்லை, கதவைத் திறந்தால் தோட்டம். ஆனால் பட்டா இன்னும் உங்கள் மாமனார் பேரில் இருக்குமானால் பி.எஃப்.பின் வீட்டுப் பிரிவு உங்களுக்கு உதவாது. வீடு உறுப்பினர் பேரிலோ, மனைவி பேரிலோ, இருவர் பேரிலுமோ இருக்க வேண்டும். அண்ணன் தம்பிகளோடு கூட்டாக இருக்கும் சொத்துக்கு முன்பணம் கிடையாது. கொழுந்தனார்கள் மனமுவந்து பாகம் பிரித்தோ விடுதலைப் பத்திரம் எழுதியோ கொடுத்தால் பிறகு எதுவும் செய்யலாம். அதை நோயின் பேரால் இப்போது கேட்டால் குடும்பத்தில் மனக்கசப்பு வரும். ஒரு வருடம் பொறுங்கள்.

பொறுக்கச் சொல்வதற்கு உடம்பும் ஒரு காரணம். பக்கவாதத்தில் கை கால் திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்தான் வேகமாக நடக்கும். இந்த மாதங்களில் பிசியோதெரபி ஒரு நாளும் தவறக் கூடாது. ஊருக்குப் போனால் அதுதான் முதலில் நின்றுபோகும். இன்று சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆறு மாதத்தில் கம்பு ஊன்றி நடக்கலாம்; அன்று உங்களுக்குத் தேவைப்படும் வீடு வேறு. இன்றைய நிலையை வைத்து வாழ்நாள் சேமிப்பை ஒரு வீட்டில் முடக்குவது சரியில்லை. ஆகவே இந்த ஒரு வருடத்துக்குத் திருப்பூரிலேயே, மருந்தகத்துக்கு அருகில், கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு பாருங்கள். இப்போதைய வீட்டின் அட்வான்ஸ் திரும்பி வரும், அதையே புதிய வீட்டுக்குக் கொடுக்கலாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

வீடு பார்க்கும்போது கீழ்த்தளம் என்ற ஒன்றை மட்டும் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நம் ஊர் லைன் வீடுகள் எல்லாமே கீழ்த்தளம்தான். ஆனால் கழிவறை வளவின் கடைசியில் இருக்கும், நடுவில் துணி துவைக்கும் கல்லும் சோப்புத் தண்ணீரும். இரவில் அங்கே போய் வருவது அவருக்கு ஆகாது. கழிவறை வீட்டுக்குள் இருக்க வேண்டும், உட்கார்ந்து எழும் வெஸ்டர்ன் வகையாக இருக்க வேண்டும். அவருக்கு விழுந்தது வலது பக்கம் என்பதால் கழிவறையில் கைப்பிடிக் கம்பி இடது கைக்கு எட்டும் சுவரில் வர வேண்டும். இது வீட்டுக்கு வீடு மாறும், போய் நின்று பாருங்கள். கதவு மூன்றடி அகலமாவது இருந்தால்தான் சக்கர நாற்காலி கைகள் இடிபடாமல் நுழையும். வாசற்படியைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் அடி உயரப் படிக்குச் சாய்தளம் போட்டால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டில் அதற்கு இடம் இருக்காது. கட்டில், அவர் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் இருக்கட்டும். கைப்பிடிக் கம்பி அடிக்க வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஒரு வருடம் கழித்தும் அவரால் எந்த வேலைக்கும் போக முடியாது என்று மருத்துவக் குழு சொல்லும் நிலை வந்தால், அப்போது வழி வேறு. நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவருக்கு முழு பி.எஃப். தொகையும் கிடைக்கும், ஓய்வூதியத் திட்டத்தில் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் உண்டு, 58 வயது வரை காத்திருக்க வேண்டாம். வேலையை விடும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டியையும் கேட்டு வாங்க வேண்டும்: ஒரு வருடச் சேவைக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. அவருக்கு 11 வருடத்துக்கு 85,000 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த நேரத்தில் ஒத்தியோ ஊர் வீடோ, தெளிந்த மனதோடு முடிவு செய்யலாம்.

இதற்காகத்தான் இரண்டு கணக்கையும் இப்போதே ஒன்றாக்கச் சொல்கிறேன். ஓய்வூதியம் கணக்கிடும் முறை எளிது: கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். சராசரி 13,500 என்று வைத்துக்கொண்டால், 11 வருடத்துக்கு மாதம் 2,121 ரூபாய். 19 வருடத்துக்கு 3,664. பழைய கம்பெனியின் எட்டு வருடத்தைச் சேர்க்காமல் விட்டால் மாதாமாதம் 1,500 ரூபாய் ஆயுள் முழுக்கக் குறையும். பழைய கணக்கில் சின்னத் தொகைதானே என்று அதன் ஓய்வூதியப் பங்கைத் தனியாக எடுத்துச் செலவழித்துவிட்டால் அந்த வருடங்கள் திரும்ப வராது.

கணக்குகள் ஒன்றாகாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெயர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பழைய கம்பெனி முன்னால் போட்டிருக்கும். ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. இதைத் திருத்தாமல் எந்த விண்ணப்பம் போட்டாலும் திரும்பி வரும். ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாமே அந்த ஓ.டி.பி.யில்தான் ஓடுகிறது. வலது கை விழுந்துவிட்டதால் அவருடைய கையெழுத்து இனி பழையபடி வராது. வங்கிக்கு அவரை அழைத்துப் போய், இடது கைப் பெருவிரல் ரேகையைப் பதிவு செய்து, கணக்கை உங்கள் இருவர் பேரிலும், யார் வேண்டுமானாலும் எடுக்கும் வகையில் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் பி.எஃப். பணம் வந்து சேர்ந்தால் வங்கியிலிருந்து எடுக்க முடியாமல் தவிப்பீர்கள்.

வரிசை இதுதான்: இந்த வாரமே இ.எஸ்.ஐ. மருந்தகம், அடுத்து வங்கி, அதன்பின் பி.எஃப். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி, விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாளில், பி.எஃப். அலுவலகம் மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்துகிறது. அவரை அழைத்துப் போக முடியாவிட்டால் நீங்கள் போங்கள். ஆதார், பான், வங்கிப் புத்தகம், இரண்டு கம்பெனியின் சம்பளச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு இணைப்புக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் தனித்தனி மனு எழுதிக் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.